ஒதிலோன் மேல் விழுந்த மரம்

ஒதிலோன் மேல் மரம் விழுந்தது மார்ச் மாதக் கடைசியில், காட்டில் பனி இன்னும் முழங்கால் அளவுக்குக் கிடந்த நேரத்தில். எங்கள் பக்கத்தில் அடுத்த குளிர்காலத்து விறகை இந்தக் குளிர்காலத்திலேயே வெட்டிவிடுவோம். வசந்தத்தில் துண்டுபோட்டுப் பிளந்து, கோடை முழுவதும் காற்றில் காயவிட்டு, உருளைக்கிழங்கு அறுவடை முடிந்ததும் கொட்டகைக்குள் அடுக்குவது வழக்கம். அந்த வருடம் ஒதிலோன் வீட்டில் அது பாதியோடு நின்றுபோனது.

அவர்கள் வீடும் எங்கள் வீடும் எதிரெதிரே. நடுவில் ரோடு, எங்கள் பக்கம் சரிவின் கீழே செயின்ட் ஜான் ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா. எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல், அவர்கள் வீட்டுக்குப் பின்னால் மேடேறிப் போகும் காடு. அந்தக் காட்டிலிருந்து ஒதிலோனின் தம்பி அல்சீத் தடுமாறி இறங்கி வந்து எங்கள் கதவைத்தான் தட்டினான். தொப்பி இல்லை, கையுறை இல்லை. "நான் வெட்டின மரம்," என்றான். வேறெதுவும் அவனுக்கு வாயில் வரவில்லை. என் கணவர் எக்தோர் அவனை விலக்கிவிட்டு மேலே ஓடினார். போயும் பயனில்லை.

அடக்கத்தின்போது கேட்டவர்களுக்கெல்லாம் அல்சீத் அதே ஒரு வரியைத்தான் சொன்னான். நான் வெட்டின மரம். ஊர் மீதியைத் தானே நிரப்பிக்கொண்டது. ஆஷ் மரம் ஒன்றை அல்சீத் கோணலாக வெட்டியிருக்கிறான், அது விழாமல் பக்கத்து மேப்பிள் மரத்தின் கவையில் சாய்ந்து மாட்டிக்கொண்டது, அதை விடுவிக்கப் போன அண்ணன் அதற்கடியில் போய்விட்டான். இப்படித்தான் கடையிலும் கோயில் வாசலிலும் பேசிக்கொண்டார்கள். அல்சீத் மறுக்கவில்லை. கல்யாணம் ஆகாதவன், ரோட்டின் கடைசியில் பெற்றோர் விட்டுப்போன சின்ன வீட்டில் தனியாக இருந்தான். அதற்குப் பிறகு அவன் காட்டுக்குள் கால் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் அண்ணி எத்மேயின் சமையலறைக்கு வருவான். கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடிப்பான். கிளம்பிப் போவான். எத்மே அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன வரும் என்று பயந்தாள் என்று நினைக்கிறேன்.

விறகைப் பற்றிக் கவலைப்படாதே, நாங்கள் இருக்கிறோம் என்று அடக்கத்தன்று எல்லா ஆண்களும் அவளிடம் சொன்னார்கள். மனதாரத்தான் சொன்னார்கள். ஏப்ரலில் காட்டுப் பாதை சேறாகிவிட்டது. மே மாதம் கிழங்கு நடவு. அப்புறம் வைக்கோல். செப்டம்பரில் அறுவடை வந்துவிட்டால் எங்கள் ஊரில் யாருக்கும் தலையைத் தூக்கிப் பார்க்க நேரம் கிடையாது. ஒவ்வொருவரும் மற்றவர் செய்திருப்பார் என்று இருந்துவிட்டார்கள். எல்லாருக்கும் மேலாக, அல்சீத் இருக்கிறானே என்று நினைத்தார்கள்.

அக்டோபரில் எத்மே என்னைக் கூப்பிட்டுக் கொட்டகையைக் காட்டினாள். பழைய விறகு ஒரு மூலையில் இடுப்பளவுக்கு இருந்தது. கிறிஸ்துமஸ் வரை இழுத்தாலே பெரிது. எங்கள் குளிர் ஏப்ரல் வரை போகும்.

அவள் மகள் கிஸ்லேன் ஹார்ட்ஃபோர்டில் இருந்தாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேர் கனெக்டிகட் தொழிற்சாலைகளுக்குத்தான் போவார்கள். அவள் ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைத்து, இங்கே வந்துவிடு அம்மா, இங்கே குமிழைத் திருகினால் வீடு சூடாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எத்மே சிரித்து மழுப்பிவிடுவாள். குமிழைத் திருகி வருகிற சூட்டில் எனக்கு இருமல் வரும் என்பாள். ஆனால் என்னிடம் விளையாடவில்லை. கணப்பு எரியாத வீட்டில் தண்ணீர் உறைந்து குழாயெல்லாம் வெடித்துவிடும். ஒரு குளிர்காலம் பூட்டிய வீட்டுக்குத் திரும்பி வந்தவர்கள் யாரையும் நாங்கள் இருவருமே பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் எக்தோர் போய் அவளிடம் பேசினார். வெட்டி ஒரு வண்டி விறகு கொண்டுவந்து போடுகிறேன் என்றார். அவர் கூச்சத்தோடுதான் சொன்னார். எத்மேக்கும் அது தெரிந்தது.

"இப்ப வெட்டினா பச்சை விறகு, எக்தோர். அதை எரிச்சு, புகைபோக்கி முழுக்கத் தார் பிடிச்சு, வீட்டையே கொளுத்திக்கவா? அதுக்குக் கிஸ்லேன் வீட்டுக்கே போயிடலாம்."

"அப்ப என்னதான் பண்ணப் போறே?"

"மேல காட்டுல காஞ்ச மரம் கிடக்கே."

எக்தோர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மார்ச்சில் விழுந்த ஆஷ் மரம். அடியில் நொறுங்கிய கிளைகளின் மேலே, தரை தொடாமல் கோடை முழுவதும் காற்றாடக் கிடந்தது. ஆஷ் பச்சையாக இருந்தாலே ஓரளவு எரியும். ஆறேழு மாதம் காய்ந்திருந்தால் அதைவிட நல்ல விறகு கேட்க முடியாது. ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். யாரும் வாயெடுத்துச் சொல்லாமலே அதை எல்லாரும் ஒதுக்கி வைத்திருந்தோம்.

"அதை வேற யாராவது வந்து..." என்று எக்தோர் ஆரம்பித்தார்.

"யாரு? நீ தொடுவியா?"

அவர் தொப்பியை எடுத்துக் கையில் சுருட்டினார்.

"உன்னைக் குத்தம் சொல்லலை," என்றாள் எத்மே. "எனக்கும்தான் அதைத் தொட பயம். ஆனா அது சும்மா கிடந்து மக்கிப் போகுறதுக்கு நான் ஹார்ட்ஃபோர்டுக்குப் போகணுமா?"

எத்மே மரத்துக்குப் புதியவள் இல்லை. கல்யாணத்துக்கு முன் மரம் வெட்டுகிறவர்களின் முகாம் ஒன்றில் சமையல் செய்தாள். சமையல்காரி என்றால் அடுப்புக்கு வேண்டியதை அறுத்துக்கொள்வதும் அவள் வேலைதான். ஒதிலோனின் மிஷின் ரம்பத்தை அல்சீத் துடைத்து எண்ணெய் போட்டு, அடக்கத்துக்கு மறுவாரமே கொட்டகையில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அதை எடுத்துக்கொண்டு, கோடாரியையும் சுத்தியலையும் ஒரு பையில் ஆப்புகளையும் போட்டுக்கொண்டு, நவம்பர் முதல் தேதி வரும் புனிதர்கள் திருநாளுக்கு முந்தின வாரம் அவள் தனியாக மேடேறிப் போனாள். நானும் வருகிறேன் என்றேன். முதல் நாள் வேண்டாம் என்றாள்.

நான் வீட்டில் சூப்புக்குப் பட்டாணி அலசிக்கொண்டிருந்தேன். மேலே ரம்பம் உறுமத் தொடங்கியது. இலை உதிர்ந்த காலம். சத்தம் ஆறு வரைக்கும் போகும். ரோட்டின் கடைசியில் இருக்கிற வீட்டுக்கும் கேட்டிருக்கும். வெகுநேரம் அறுத்தாள். திடீரென்று சத்தம் நின்றது. பாதி அறுப்பில் நிற்கிற மாதிரியான நிறுத்தம். நான் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அப்போது ரோட்டில் அல்சீத் ஓடி வருவதைப் பார்த்தேன். மேல்கோட்டு இல்லாமல், ஒரு பூட்ஸின் கயிறு கட்டாமல் ஓடினான். எங்கள் வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எத்மேயின் கொட்டகையைச் சுற்றி மேட்டில் ஏறி மறைந்தான்.

அன்று மேலே நடந்ததை எத்மே எனக்குச் சொன்னது குளிர்காலம் பாதி போன பிறகுதான். அவள் சொன்னபடி சொல்கிறேன்.

ரம்பம் மரத்தில் இறுகிக்கொண்டதால் அவள் அதை நிறுத்தியிருக்கிறாள். இரண்டு முனையிலும் தாங்கிக் கிடக்கிற மரத்தை மேலிருந்து அறுத்தால் நடுவில் தொய்ந்து ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். தெரிந்துதான் இருந்தாள், அந்த இடத்தில் மறந்துவிட்டாள். ஆப்பு அடிக்கலாம் என்று பையைத் திறக்கும்போது அல்சீத் மரங்களுக்கிடையே வந்து விழுந்தான். வந்த வேகத்தில் வழுக்கி மண்டியிட்டுவிட்டான். அவள் நிற்பதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. மூச்சு வாங்கியது.

"எனக்கு ஒண்ணும் ஆகலை. ரம்பம் மாட்டிக்கிச்சு," என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அண்ணன் அடக்கத்தில்கூட அவன் அழுது யாரும் பார்த்ததில்லை. எத்மே அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்து, அவன் நிறுத்தும்வரை காத்திருந்தாள்.

"அன்னைக்கு நான் இங்க இல்ல அண்ணி," என்றான்.

அவளுக்குப் புரியவில்லை.

"மரத்தை நான்தான் வெட்டினேன். காத்து தள்ளி இது மேப்பிள்ல மாட்டிக்கிச்சு. ட்ராக்டர் பட்டறையில கிடந்துச்சு. நாளைக்கு அதைக் கொண்டுவந்து சங்கிலி போட்டு இழுத்துக்கலாம், இன்னைக்கு விடுன்னேன். அண்ணன் கேக்கலை. மேப்பிளை அறுத்துட்டா ரெண்டும் சேர்ந்து விழுந்துரும்னாரு. சண்டை. எனக்குக் கோவம் வந்து கையுறையைக் கழட்டி எறிஞ்சிட்டு இறங்கிப் போயிட்டேன். வேலியோரத்துல உக்காந்து சிகரெட் பத்த வெச்சேன்."

"அப்புறம்?"

"ரம்பம் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் மரம் விழுற சத்தம். ரெண்டும் விழுந்துச்சு. பண்ணிட்டாரேன்னு நினைச்சேன். என் பேச்சு பொய்யாப் போச்சேன்னு இன்னும் கோவம். மிஷின் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு அண்ணி. மெதுவா, சும்மா ஓடுற சத்தம். மிஷின் ஓடுதே, அப்ப அவரு நல்லாத்தானே இருக்காருன்னு இன்னொரு சிகரெட் பிடிச்சேன். பெட்ரோல் தீர்ந்து அது நின்னதுக்கு அப்புறம்தான் மேல வந்தேன்."

எத்மே கேட்க நினைத்தது ஒன்றுதான். 

"நீ வந்தப்ப உயிர் இருந்துச்சா?"

"இல்ல."

"முன்னாடியே வந்திருந்தா?"

"தெரியலை. விழுந்த உடனே போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. நிஜமாவே அப்படியா, இல்ல என் மூஞ்சியப் பாத்துட்டுச் சொன்னாரான்னு தெரியலை. அதைத்தான் தினமும் யோசிக்கிறேன்."

"ஊரு உன்னை வெட்டத் தெரியாதவன்னு பேசுது. ஏன் சும்மா இருந்தே?"

"அது பரவாயில்லை அண்ணி. கேக்குறதுக்கு அது சுலபமா இருந்துச்சு."

காற்று வீசிக்கொண்டிருந்தது. குளிரில் அவன் சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தான். எத்மே வேறொன்று கேட்டாள்.

"சண்டையில உன்னை என்ன சொன்னாரு?"

"அம்மா செத்ததுல இருந்து என் முதுகுக்குப் பின்னாலேயே நின்னு பழகிட்டே, போய் அண்ணி பக்கத்துல உக்காந்து ரொட்டி மாவு பிசைன்னாரு."

எத்மேக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததும் அவளுக்கே பயமாக இருந்ததாம். குழி எதிரே வந்தால் குதிரைகூடச் சுற்றிக்கொண்டு போகும், ஒதிலோன் மட்டும் குழியை நகரச் சொல்லுவார் என்று அவள் அவர் உயிரோடு இருக்கும்போதே சொல்லுவாள். அல்சீத் சொன்ன அந்த வசவு அப்படியே அவருடைய பேச்சு. செத்தவர் குரல் ஏழு மாதம் கழித்துக் காதில் விழுந்த மாதிரி இருந்தது என்றாள். சிரிப்பு நின்றதும் கோபம் வந்தது. அவர் மேல் முதலில். பிறகு எதிரே உட்கார்ந்திருந்தவன் மேல்.

"ரம்பத்தை எடுத்துக் கொடு," என்றாள்.

அவன் எழுந்தான். அறுத்த வாயில் ஆப்பை வைத்து அடித்து, வாய் விரிந்ததும் ரம்பத்தை உருவி அவள் காலடியில் வைத்தான். ஏழு மாதத்தில் அவன் தொட்ட முதல் மரம் அது.

"இப்ப வீட்டுக்குப் போ அல்சீத். இன்னைக்கு உன் மூஞ்சியப் பாக்க எனக்கு முடியலை. ஞாயித்துக்கிழமையும் வர வேண்டாம்."

அவன் போனான்.

அடுத்த ஞாயிறு கதவோரத்து நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்டேன். காப்பி தீர்ந்துபோச்சு என்றாள். அதற்கு மேல் துருவவில்லை.

நவம்பரின் முதல் வாரங்களில் அவள் மழையில்லாத நாளெல்லாம் மேலே போனாள். ஆஷை முழுக்க அறுத்தாள். பிறகு அதைத் தாங்கி நின்று அதோடு விழுந்த மேப்பிளையும் அறுத்தாள். நான் போய்க் கிளை பொறுக்கினேன், சின்னத் துண்டுகளைக் குவித்தேன். எக்தோரும் ஒருநாள் வந்தார். ரம்பத்தை என்னிடம் கொடு என்றார், அவள் கொடுக்கவில்லை. மரத்துக்கடியில், ஒதிலோன் விழுந்து கிடந்த இடம், கருகிய மாதிரி புல் முளைக்காமல் கிடந்தது. அதன் மேல் நாங்கள் மூவரும் கால் வைக்காமல் சுற்றிச் சுற்றி நடந்தோம். எத்மே ஒரு கட்டத்தில் நின்று, அதன் மேலேயே ஒரு துண்டை உருட்டி நிறுத்தி, கோடாரியை ஓங்கிப் பிளந்தாள். அதற்குப் பிறகு நாங்களும் அங்கேயே பிளந்தோம். ஆஷ் நேரான நாரோடு இரண்டாகப் பிரிந்து விழும். உள்ளே வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. உள்ளே ஏதோ கறையை எதிர்பார்த்தேனோ என்னவோ, அந்தச் சுத்தத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அறுத்துப் பிளந்ததெல்லாம் மேலேயே குவிந்துகிடக்கும்போது பெரும்பனி வந்துவிட்டது. ஒரே நாளில் குவியல்கள் மூடிப்போயின. எக்தோர் அப்போது கிழங்குக் கிடங்கில் லாரி ஏற்றும் வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார். ஒதிலோனின் ட்ராக்டர் பழுது பார்த்து வந்து கொட்டகையில் நின்றது. ஆனால் பனிச்சரிவில் பாரம் ஏற்றிய சறுக்குவண்டியை இழுத்து இறக்குவது எத்மே செய்து பழகாத வேலை. பாரம் பின்னாலிருந்து தள்ளினால் ட்ராக்டரோடு சேர்த்து ஆளையும் கவிழ்த்துவிடும்.

அன்று காலை அவள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு ரோட்டில் நடந்து போவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். கடைசி வீடு வரைக்கும் போனாள். உள்ளே போகவில்லையாம். வாசலில் நின்றே சொன்னாளாம்.

"சங்கிலியை எடுத்துக்கிட்டு வா. அண்ணன் விறகு பனிக்குள்ள போகுது."

அவன் கோட்டை மாட்டிக்கொண்டு உடனே புறப்பட்டிருக்கிறான். அவள் அவனை நிறுத்தி, இன்னொன்று இருக்கிறது என்றாள். காட்டில் தன்னிடம் சொன்னதைக் கிஸ்லேனுக்கும் அவனேதான் சொல்ல வேண்டும், தன் வாயால் சொல்ல முடியாது என்றாள். அவன் சரி என்றான்.

அந்த வாரம் முழுக்க இருவரும் இறக்கினார்கள். அவன் ட்ராக்டரில், அவள் பின்னால், வண்டி ஓடாமல் பிடிக்கிற கட்டையோடு. வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. கொட்டகை நிறைந்தது. வீட்டுச் சுவரோரமும் ஒரு வரிசை அடுக்கினார்கள். அடுக்கி முடித்த அன்று அவள் பக்வீட் என்ற தானிய மாவில் அடை சுட்டு, அவனை உள்ளே கூப்பிட்டு வைத்தாள். அவன் கதவோரத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தான். மேசைக்கு வா என்று அவள் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்குக் கிஸ்லேன் வந்தாள். அந்த வாரம் வெளியே எச்சில் துப்பினால் உறைந்து விழுகிற குளிர். சமையலறைக் கணப்பு சிவந்து எரிந்தது. நல்ல விறகாயிருக்கே, யார் கொடுத்தது என்று அவள் கேட்டாள். எத்மே சுற்றி வளைக்கவில்லை.

"உங்கப்பா மேல விழுந்த மரம்."

கிஸ்லேன் கணப்பிலிருந்து காலை இழுத்துக்கொண்டாள். எழுந்து மாடிக்குப் போய், அங்கே இருந்த போர்வையெல்லாம் போட்டுக்கொண்டு படுத்தாள். மாடி அறைக்குச் சூடு அதிகம் ஏறாது. மறுநாள் காலை எத்மே கீழே வரும்போது, கிஸ்லேன் கணப்பின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, அதிலேயே ரொட்டி சுடுகிற அறையின் திறந்த கதவின் மேல் கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. எத்மே இன்னொரு கட்டையை எடுத்து உள்ளே போட்டாள். 

அன்று மதியம் அல்சீத் வந்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். சிகரெட்டையும் விடவில்லை, ரம்பம் ஓடிக்கொண்டிருந்ததையும் விடவில்லை. கிஸ்லேன் கடைசிவரை கேட்டாள். கையிலிருந்த கோப்பையைக் கழுவி வைத்தாள். அவன் பக்கம் திரும்பாமலே மாடிக்குப் போய்விட்டாள். அதோடு சரி. அவள் அதற்குப் பிறகு சித்தப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வருடாவருடம் வருவாள், அவன் வருகிற நேரம் பார்த்து எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள். எத்மே மகளைச் சமாதானம் செய்ய முயன்று நான் பார்த்ததில்லை. அவளுக்கு அப்பா, எனக்குப் புருஷன், ரெண்டும் ஒரே கணக்கா என்பாள்.

ஊருக்கும் விஷயம் மெல்லத் தெரிந்தது. அல்சீத்தே சொன்னானா, கிஸ்லேன் மூலம் கசிந்ததா, தெரியாது. சிலர் அவனைப் பார்த்து முன்பைவிட அதிகம் முகம் திருப்பினார்கள். சிலர், அண்ணன் பிடிவாதக்காரன்தான், நீ இருந்திருந்தால் ரெண்டு சவப்பெட்டியாகியிருக்கும் என்று தோளில் தட்டினார்கள். இரண்டையும் அவன் ஒரே மாதிரி வாங்கிக்கொண்டான்.

பிப்ரவரியில், பனி ஜன்னல் மட்டத்துக்கு ஏறியிருந்த ஒரு நாளில்தான், அவன் அழுததையும் தான் சிரித்ததையும் எத்மே எனக்குச் சொன்னாள். அவனை மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன். "அந்த வார்த்தை பூசைக்கு நல்லாயிருக்கும் ஃப்ளோரீன்," என்றாள். "சில நாள் காலையில அவனைக் கழுத்தை நெரிக்கலாம்னு வருது. சாயங்காலம் அவன் சாப்பிட்டானோன்னு வருது. ரெண்டும் போகலை."

மறு மார்ச்சில் அடுத்த வருடத்து விறகுக்காக இருவரும் சேர்ந்து காட்டுக்குப் போனார்கள். காலை முழுக்க ரம்பச் சத்தம் கேட்டது. பிறகு அது நின்று, சண்டைச் சத்தம் கேட்டது. எத்மேயின் குரல் ஓங்கி ஒலித்தது, அவன் குரலும் விடவில்லை. என்ன பேசினார்கள் என்பது காதில் விழவில்லை. நான் வாசலுக்கு வந்துவிட்டேன். எக்தோரும் கொட்டகையிலிருந்து வெளியே வந்து நின்றார். யாராவது ஒருவர் இறங்கி வருவார் என்று இருவரும் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் வரவில்லை. கடைசியில் மேலேயிருந்து எத்மே எக்தோர் பெயரைச் சொல்லிக் கூவினாள். உன் பெரிய ட்ராக்டரையும் நீளச் சங்கிலியையும் எடுத்துக்கொண்டு வா என்றாள்.

அவர் போனபோது ஒரு மேப்பிள் விழாமல் பக்கத்து மரத்தில் சாய்ந்து மாட்டியிருந்தது. அண்ணியும் கொழுந்தனும் அதிலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரே அடிமரத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பனியில் காலை நீட்டிக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம்.